அப்பா தூண்டில் போடாத வருஷம்

போன மாதம் ஈப்போவில் ஒரு தூண்டில் கடைக்குள் நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கும் என் வயதுதானே, ரப்பர் தோட்டத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தானே, நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள். தூண்டில் என்றால் நமக்கு என்ன? ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் நரம்பு, ஒரு முள், சிரட்டையில் நாலு மண்புழு. அதற்கு ஏர்கோன் போட்ட இரண்டு மாடிக் கடையா? கம்புகள் சுவர் முழுக்க வரிசையாக நிற்கின்றன. ரீல்களை நகைக்கடை மாதிரி கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் சாவியை எடுத்து வருகிறார்கள்.

கூட்டிப் போனவன் என் தம்பி. வேலையிலிருந்து ஓய்வு பெற அவனுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது. மனசு மட்டும் எப்போதோ ஓய்வு பெற்றுக் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, இந்த ஜோரான் கம்பு தோமான் மீனுக்கு. இது செபாரா மீனுக்கு. ரெண்டும் வேற வேறலா."

"ஏன்டா, மீனு கம்பப் பாத்துட்டா கடிக்குது?"

கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். அப்போதுதான் தவளைகளைப் பார்த்தேன். ஒரு சுவர் முழுக்க ரப்பர் தவளைகள். மஞ்சள் வயிறு, கறுப்புப் புள்ளி, முதுகோடு ஒட்டிக்கொண்டு மேலே பார்க்கும் இரண்டு முள். ஒன்றை எடுத்து அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. அந்த மெத்து எனக்குத் தெரிந்த மெத்து.

அதே நேரம் கடையில் யாரோ தம்பியின் மேலுதட்டுத் தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவன் வழக்கமாகச் சொல்கிற வேடிக்கையைச் சொன்னான். "இதுவா? எங்கப்பா தூண்டில்ல மாட்டுன பெரிய மீனே நான்தான்லா!" எல்லோரும் சிரித்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். எண்பது தாண்டிய கிழவிக்குக் காது மந்தம், அதனால் சிரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

சுங்கை சிப்புட்டுக்கும் செமோருக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் நாங்கள் குடியிருந்தோம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்மா மரத்தில் பால் வெட்டினார். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே போட்டுப்போன பெரிய குட்டை. காலையில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும், மத்தியானம் பச்சையாகும். இப்போது அங்கே வீடமைப்பு வந்துவிட்டது. குட்டை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள்.

அப்பாவுக்குச் சீட்டு கிடையாது, கள்ளுக்கடை கிடையாது. தோமான் ஒன்றுதான் பைத்தியம். விராலின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு கறுப்பு, வாயைத் திறந்தால் பல் வரிசை. அதைப் பிடிக்க மூங்கில் கம்பு தாங்காது. அதனால் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட்டில் ஒரு சீனக்கடைக்குப் போனார். மண்ணெண்ணெய், கயிறு, கருவாடு எல்லாம் சேர்ந்து மணக்கும் கடை. முட்கள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் இருக்கும். கடை முதலாளியான தவுக்கே ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுப்பார். வழுக்கினால் மொட்டை, நகத்தில் பிடித்து நின்றால் கூர். அப்பா ஒவ்வொன்றையும் அப்படிப் பார்த்துத்தான் வாங்குவார்.

அன்றைக்கு முள் வாங்கப் போகவில்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கண்ணாடிநார்க் கம்பும், ஜப்பான் ரீலும். தவுக்கே ரீலின் வளைகம்பியைத் திறந்து மூடிக் காட்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். "இனி பாகுஸ்லா," நல்ல சாமான் என்றார். அப்பா அதை வாங்கித் தானும் ஒரு தடவை மூடினார். 'டிக்'. லாரியில் வீடு வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு 'டிக்'. பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மாதிரி இருந்தார்.

அடுத்த வாரம் என் ஜப்பான் ரப்பர் சிலிப்பரில் ஒன்று காணாமல் போனது. நான் லயமெல்லாம் தேடி, பக்கத்து வீட்டு நாயைத் திட்டி, கடைசியில் பார்த்தால் அப்பா கொல்லையில் உட்கார்ந்து அதைச் சவரக்கத்தியால் அறுத்துக்கொண்டிருக்கிறார். தவளை! என் குதிகால் பட்டுத் தேய்ந்த இடம் தவளையின் முதுகு. அம்மாவின் நகப்பூச்சில் இரண்டு சிவப்புக் கண். நான் அழுத அழுகைக்கு அப்பா எனக்குப் புது ஜோடி வாங்கித் தந்ததோடு, தோமான் பிடிக்கும்போது கூட வரலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

குட்டையின் ஓரத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் உலை கொதிப்பதுபோலக் குமிழ்ந்தது. உற்றுப் பார்த்தால் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு ஒன்றாக இறங்கின.

"பாப்பா, அந்தக் குஞ்சுக்குக் கீழதான் ஆத்தாவும் அப்பனும் இருக்கும். காவலு. அடுத்து எங்க மேல வரும்னு பாத்து, அதுக்கு அந்தப் பக்கம் போட்டு, நடுவால இழுக்கணும்."

அப்பா வீசினார். தவளை குஞ்சுக் கூட்டத்தைத் தாண்டி விழுந்து, பொளக் பொளக்கென்று நீந்தி வந்தது. தண்ணீர் வெடித்தது. அப்பா உடனே சுண்டவில்லை. மீன் வாயை மூடித் திரும்பும்வரை மூச்சைப் பிடித்து நின்று, அப்புறம்தான் கம்பைத் தூக்கினார். கரைக்கு வந்த மீன் என் கால் நீளம் இருந்தது. நான் குதித்தேன், கத்தினேன்.

"அதுக்கு அவ்ளோ பசியாப்பா?"

"பசியில்ல பாப்பா. குஞ்சத் திங்க தவள வருதுன்னு நெனச்சு அடிக்குது. இந்த நேரத்துல அதுக்கு எரையே வேணாம்."

நான் குட்டையைத் திரும்பிப் பார்த்தேன். சிவப்புக் குஞ்சுகள் சிதறிப்போய் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேலே வந்துகொண்டிருந்தன. சின்ன மீன்கள் பாய்ந்து அவற்றை விழுங்கின. அன்றைக்கு நான் குழம்பு தொடவில்லை. ஏனென்று அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம்தான் அம்மா முழுகாமல் இருந்தார். எனக்குப் பிறகு இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டில் எல்லோருமே முட்டையின் மேல் நடப்பதுபோல நடந்தார்கள். எங்கள் லயத்தின் மூன்றாவது வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் முன் வரிசையில் முட்டி போடுகிறவர். விசேஷம் தெரிந்த அன்றே வந்து அப்பாவின் முன்னால் நின்றார்.

"தம்பி, இனிமே நீ தூண்டிலத் தொடாத."

"ஏங்க்கா?"

"வாயில முள்ளு மாட்டி இழுக்கிறியே, அது அப்படியே புள்ள வாயில வந்து விழும். பீடான் கிட்ட கேட்டுப் பாரு. மலாய்க்காரவங்களே கெனான்னு பயப்படுறாங்க. நம்ம ஒடம்பு மட்டும் என்ன இரும்பா?"

தகப்பன் கொன்ற உயிரின் அடையாளம் பிள்ளையின் உடம்பில் வந்துவிடுவதைத்தான் கெனான் என்பார்கள். பிள்ளை உண்டான வீட்டில் புருஷன் கோழி கூட அறுக்கக் கூடாது என்பது நம் பழக்கம். பீடான் என்கிற மலாய் மருத்துவச்சி சொன்னதும் நம்முடையதும் சேர்ந்து தோட்டத்தில் கெட்டிப்பட்டிருந்தது.

அப்பா சிரித்தார். "ஆண்டவரோட சீசப்புள்ளைங்களே மீன் புடிச்சவங்கதானக்கா?"

"அவங்க பொண்டாட்டிமாரு முழுகாம இருந்தாங்களா? நீ போயிப் பாத்தியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தார். அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, என் தலையில் கை வைத்தார்.

"பாப்பா தல மேல சத்தியம். புள்ள பொறக்கிற வரைக்கும் நான் தூண்டிலத் தொடமாட்டேன்."

பெற்ற பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீறினால் அந்தத் தலைதான் போகும். எனக்குப் பயத்தில் கழுத்து வலித்தது. அப்பா ரீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போட்டு, கம்பையும் தவளையையும் பழைய சாரோங் துணியில் சுற்றி, கூரைச் சட்டத்துக்கு மேலே செருகினார். கடைசியாக ஒரு 'டிக்' கேட்டது.

இனி நான் சொல்லப்போவதைத்தான் இன்றுவரை நம்ப முடியவில்லை.

அம்மாவிடம் ஒரு மூங்கில் கம்பு இருந்தது. லயத்தில் பாதிப் பெண்களிடம் இருந்தது. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவி, அந்தக் கம்பையும் எடுத்துக்கொண்டு குட்டையின் ஓரத்தில் உட்காருவார். முள்ளைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். மிதவைக்கு ஒட்டுப்பால், அதுதான் மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர், அதில் ஒரு உருண்டை. குளிக்கிற இடத்து ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பனையேறிக் கெண்டை வரும், செப்பாட் வரும். பால் வாளியில் அவை சுற்றுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்த வருஷமும் அம்மா போனார். வயிறு பெரிதாகப் பெரிதாகக் கூடுதலாகவே போனார், ஏனென்றால் அங்கேதான் காலை நீட்டி உட்கார முடியும். ஒளிந்து போகவில்லை, லயத்தின் நடுவழியாகத்தான் போனார். "மீனு எடுத்துட்டு வாரேன்" என்றுதான் சொல்வார், கீரை பறிக்கப் போகிற மாதிரி. அத்தை தன் வாசலிலிருந்து, "எனக்கும் சேத்து எடுத்துட்டு வா புள்ள" என்பார். சாயங்காலம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பனையேறியின் தலையை உறிஞ்சிக்கொண்டே அப்பாவைக் கேட்பார்:

"தம்பி, நீ தூண்டிலத் தொடலல்ல?"

"தொடலக்கா."

"தொடாத."

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொள்வார்.

நினைத்துப் பாருங்கள். முள் அதே முள். மீனின் வாய் அதே வாய். பிள்ளையோ அந்தக் கம்பைப் பிடித்தவரின் வயிற்றிலேயே இருந்தது. ஆனால் தூண்டில் போடுவது ஆம்பளை விஷயம். பொம்பளை கம்பு பிடித்தால் அது குழம்பு. ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை! அத்தைக்கு இல்லை, பீடானுக்கு இல்லை, அம்மாவுக்கே இல்லை. புழு தோண்டிய எனக்கும் இல்லை.

மழைக்காலம் பிடித்தது. பள்ளி விடுமுறை என்பதால் நான் அப்பாவோடு லாரியில் சுற்றினேன். ஒருநாள் குட்டையை ஒட்டிய செம்மண் பாதையில் பின் சக்கரம் புதைந்துவிட்டது. அப்பா இறங்கி முழங்கால் சேற்றில் நின்று பலகை போட்டார், கல் போட்டார், நகரவில்லை. டிராக்டர் வரும்வரை காத்திருந்தோம். அப்போது குட்டையின் ஓரத்தில் தண்ணீர் குமிழ்ந்தது. சிவப்புக் குஞ்சுகள், பெரிய கூட்டம், கல்லெறி தூரத்தில்.

அப்பா மெல்லக் கரைக்குப் போனார். குஞ்சுகள் இறங்கின. கொஞ்சம் தள்ளி மறுபடி மேலே வந்தன. அப்பாவின் வலது கை தோளுக்கு மேல் போய், முன்னால் வீசியது. வெறுங்கை. பிறகு இடது கையால், இல்லாத ரீலைச் சுற்ற ஆரம்பித்தார். கூட்டத்தின் நடுவழியாக, நிறுத்தி நிறுத்தி. தோமான் அடிக்க வேண்டிய இடத்தில் மூச்சைப் பிடித்து நின்றார். அப்புறம் கையை இறக்கிவிட்டுத் திரும்பி, நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டார்.

"சும்மா பாப்பா," என்றார்.

சேற்றுக்காலோடு வீட்டுக்கு வந்தோம். அத்தை வாசலில் நின்று அந்தக் கால்களை மேலும் கீழும் பார்த்தார்.

தம்பி பிறந்த நாள் காலையில் உள்ளேயிருந்து அத்தை "ஆண்டவரே" என்ற சத்தத்தில் நான் ஓடினேன். துணியை விலக்கியபோது பார்த்தேன். மேலுதடு நடுவில் மூக்குவரை இரண்டாகப் பிளந்திருந்தது. அழுதபோது அந்தப் பிளவு விரிந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது தோமானின் வாய்தான். நான் கத்திவிட்டேன். யாரோ என்னை வெளியே இழுத்துப் போனார்கள்.

அம்மாவுக்கு ஜன்னி மாதிரிக் காய்ச்சல். உள்ளே கண் மூடிக் கிடந்தார். பிள்ளையால் சப்ப முடியவில்லை. ஊற்றிய பால் மூக்கு வழியாக வந்தது. வெளி வாசலில் லயமே கூடிவிட்டது. அத்தை அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"தொட்டிருக்க. நீ தொட்டிருக்கடா."

"இல்லக்கா."

"சேத்துக்காலோட வந்தியே அன்னிக்கு?"

"லாரி பொதஞ்சிருச்சுக்கா. பாப்பாவக் கேளு."

"தொடாம இது வராது! முள்ளு மாட்டுன வாயி மாதிரியே இருக்கே, கண்ணால பாத்தேனே! நீ தொடலன்னா வேற யாரு? இந்த வீட்டுல யாரோ தொட்டிருக்கணும்லா? யாரு தொட்டது?"

அப்பா வாயைத் திறந்தார். அப்போது அவர் கண், குளிக்கிற தடுப்பின் மேல் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கம்புக்குப் போனது. ஒட்டுப்பால் உருண்டை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். அந்த நொடியில் எங்கள் இருவருக்கும்தான் அது தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி வந்தால், கூட்டத்தில் இன்னும் ஒரு தலை திரும்பினால், அவ்வளவுதான். ஏற்கனவே இரண்டு பிள்ளை தங்காத பெண். அவளையா விடுவார்கள்?

"நான்தான்," என்றார் அப்பா. "நான்தான் தொட்டேன்."

அத்தை அவரைக் கன்னத்தில் அறைந்தார். அப்பா ஏணியைப் போட்டுச் சாரோங்கை இறக்கி, அந்த மஞ்சள் கம்பை எல்லோர் முன்னாலும் முழங்காலில் வைத்து ஒடித்தார். கண்ணாடிநார் லேசில் ஒடியாது, நார் நாராகப் பிளந்து அவர் உள்ளங்கையைக் கிழித்தது. ரீலைக் குட்டைக்குள் எறிந்தார். தவளையை அடுப்பில் போட்டார். வீடெல்லாம் சிலிப்பர் கருகும் நாற்றம்.

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் என் தலையில் வைத்த சத்தியத்தை மீறினேன் என்று ஒரு பொய்! நான் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தையும் மற்றவர்களும் நேர்ச்சை, ஜெபம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா அம்மாவையும் பிள்ளையையும் என்னையும் பால் லாரியில் ஏற்றி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் குறுக்கே வந்து கத்தியும் நிறுத்தவில்லை. ஒரு நர்ஸ் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, சின்னக் கரண்டியால் கன்னத்தின் ஓரமாகப் பாலை விடக் கற்றுக்கொடுத்தார். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார், "இது வயித்துல வளரும்போது உதடு சரியா சேராததால வர்றது. யாரும் எதுவும் செஞ்சு வந்ததில்ல. தச்சிரலாம்." அப்பா அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். சில மாதம் கழித்துத் தைத்தார்கள். தம்பிக்கு இன்று இருப்பது அந்தத் தழும்புதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, அந்த மூங்கில் கம்பிலிருந்து நரம்பையும் மிதவையையும் கழற்றி, கம்பைத் துணிக் கொடிக்கு முட்டுக் கொடுத்தது. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. அதனால் அவருக்கும் எல்லாம் தெரியும், புருஷனும் பெண்டாட்டியும் பேசாமலே பேசிக்கொண்டுவிட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். அதை எவ்வளவு அழகான விஷயம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன் தெரியுமா? கல்யாணம் என்றால் இதுதான் என்று என் பெண்ணுக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு.

சில சின்ன விஷயங்கள் அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அம்மா அடிக்கடி என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு தும்மல் போட்டால் டிஸ்பென்சரிக்கு இழுத்துப் போவார். அப்பா ஆசையாக என் தலையைத் தடவ வந்தால், "பாப்பா, இங்க வா, இந்தச் சட்டிய எடு" என்று ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். பாசம், வீட்டு வேலை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்பா அதன்பிறகு தூண்டிலைத் தொடவே இல்லை. தம்பி வளர்ந்து யார் யாரிடமோ கற்றுக்கொண்டு தோமான் பிடிக்க ஆரம்பித்தபோது பக்கத்தில் போய் உட்காருவார். கம்பை நீட்டினால், "நீ போடுய்யா" என்பார். அவர் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கிய புதுக் கம்பை அன்றைக்கே தண்ணீரில் நனைக்காவிட்டால் தம்பிக்குத் தூக்கம் வராது. செமோருக்குப் பக்கத்தில் காசு கட்டி மீன் பிடிக்கிற குளம் ஒன்று இருக்கிறது. நான், அம்மா, அவன். தாங்கியில் கம்பை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த இன்னொரு தூண்டில்காரரிடம் தம்பி மறுபடி ஆரம்பித்தான். "எங்கப்பா தூண்டில்ல மாட்டுன..."

"போதும்டா!" என்றார் அம்மா.

நாங்கள் திடுக்கிட்டுத் திரும்பினோம். அம்மா குரலை உயர்த்தி எத்தனையோ காலமாகிறது.

"ஒங்கக்கா தலையில கைய வச்சு சத்தியம் பண்ணிட்டுத் தூண்டில் போட்டாரு. அது ஒனக்குச் சிரிப்பா இருக்கா? இவளுக்குக் காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் நான் செத்துப் பொழைச்சேன்டா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அப்பா தூண்டில் போடலையே."

"ஒனக்கென்ன தெரியும், சின்னப் புள்ள. அவரு வாயாலயே சொன்னாரு. ஒங்க அத்தை வந்து எங்கிட்டச் சொன்னாங்க."

"சேத்துக்காலோட வந்த அன்னிக்கு நான்தாம்மா கூட இருந்தேன். லாரி பொதஞ்சிருச்சு. தோமான் குஞ்சப் பாத்துட்டு வெறுங்கைய வீசினாரு, அவ்ளோதான். கம்பு கூரை மேலயே இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. ஆனால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்த அதே பார்வை.

"அத்தை, யாரு தொட்டதுன்னு கேட்டாங்கம்மா. ஒங்க மூங்கில் கம்பு அங்கதான் சாஞ்சிருந்துச்சு."

அம்மாவின் வாய் அசைந்தது. "அது... அது கொழம்புக்குல்ல புடிச்சேன்," என்றார். சொல்லிவிட்டுத் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, ஒதட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. டாக்டரு அன்னிக்கே சொன்னாரே," என்றான் தம்பி.

"அது தெரியும்டா. ஒதட்டுக்காக நான் அவர் மேல கோவப்படல. சத்தியத்த மீறிட்டாரேன்னுதான். இவ தல போனாலும் பரவால்லன்னு ஒரு மீனுக்காகப் போனாரேன்னு." அம்மா என் தலையைப் பார்த்தார். நரைத்த தலை. "கடைசி நாள்ல, ஆஸ்பத்திரியில, அவரு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன் பாப்பா. 'நீங்க அன்னிக்குத் தூண்டில் போட்டத நான் மன்னிச்சிட்டேன், நிம்மதியாப் போங்க'ன்னு."

"அப்பா என்னம்மா சொன்னாரு?"

"'சரி புள்ள'ன்னாரு."

தாங்கியில் இருந்த கம்பு வளைந்து ரீல் கத்த ஆரம்பித்தது. பக்கத்துத் தூண்டில்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கல்யாணப் பந்தியிலிருந்துகூட மீனுக்காக எழுந்து ஓடுகிற என் தம்பி அசையவில்லை. நரம்பு முழுக்க ஓடி முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.